டாலர் விலையும் டெல்டா நெல்லும்: மன்னார்குடி வாசகருக்குப் பதில்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு மணிக்கு 2 டன் அரைக்கும் புழுங்கல் ஆலை இருக்கிறது. ஏற்றுமதிக்கு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். துபாய் நிறுவனம் ஒன்று 5 சதவீத நொய் உள்ள புழுங்கல் அரிசி 500 டன், தூத்துக்குடி எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரை செலவு நம்முடையது), டன் 360 டாலர் என்கிறது. மலேசியாவின் கிள்ளானில் ஒரு வியாபாரி பொன்னிப் புழுங்கல் மாதம் ஒரு கண்டெய்னர், 10 கிலோ பையில், சிஐஎஃப் (கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து) டன் 560 டாலர் என்கிறார். 10 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு வந்து 60 நாளில். எங்களுக்கு ஊறல், ஆவி, அரவை எல்லாம் சேர்த்து நெல் குவிண்டாலுக்கு 150 ரூபாய் ஆகிறது. நொய், தவிட்டில் ஏறக்குறைய 300 ரூபாய் திரும்ப வருகிறது. பை, லாரி, துறைமுகச் செலவு அரிசி கிலோவுக்கு 3 ரூபாய். கப்பல் வாடகையும் காப்பீடும் கண்டெய்னருக்கு 600 டாலர் என்றார்கள். எதை எடுப்பது? 2023 போலத் திடீரென்று தடை வந்தால் என்ன செய்வது? குறுவை நெல்லையும் இதில் சேர்க்கலாமா? காரைக்கால் பக்கத்திலேயே இருக்கும்போது தூத்துக்குடிக்கு ஏன் போகவேண்டும்?

பதில்:

துபாய்க்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் உங்களை ஏமாற்றவில்லை. 2025 பிற்பகுதியில் இந்திய 5 சதவீதப் புழுங்கல் டன் 350 டாலரை ஒட்டித்தான் விலை போனது. 2024 தொடக்கத்தில் அதே அரிசி 500 டாலருக்கு மேல் நின்றது. அந்த நினைப்பில் இன்று ஏற்றுமதியில் இறங்குகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் கொடுத்த எண்களையே தாளில் போடுவோம். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய். ஆதார விலை 2,389, மாநில ஊக்கத்தொகை 156. உங்கள் உறுப்பினர் இதற்குக் கீழே உங்களுக்கு நெல் போடமாட்டார், போடவும் வேண்டியதில்லை. 100 கிலோ நெல்லில் 68 கிலோ அரிசி என்பது அரசு அரவைக் கணக்கு. அதில் நொய் 5 சதவீதத்துக்குள் நிற்கும்படி சலித்து, சார்டெக்ஸ் என்ற நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் கறுப்பும் பழுப்பும் தள்ளினால் 60 கிலோ நின்றாலே நல்ல ஆலை. 2,545உடன் 150 கூட்டி, 300 கழித்தால் 2,395. அதை 60ஆல் வகுத்தால் ஆலை வாசலில் கிலோ 40 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. துறைமுகம் வரை 3 ரூபாய் சேர்த்து 43. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் துபாய் விலை கிலோ 32 ரூபாய் 40 காசுதான். கிலோவுக்கு 10 ரூபாய் 60 காசு நஷ்டம், 500 டன்னுக்கு 53 லட்சம்.

பிறகு காக்கிநாடாவிலிருந்து கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். கொள்முதல் பலமில்லாத வடக்கு, கிழக்கு மாநிலச் சந்தைகளில் அறுவடை நேரத்தில் நெல் ஆதார விலைக்கும் கீழே விற்கிறது. அந்த நெல்லின் அரிசிதான் விலை மட்டும் பார்த்து வாங்கும் சந்தைக்குப் போகிறது. பெனின், டோகோ வியாபாரிக்கு ரகப் பெயர் முக்கியமில்லை, டன்னுக்கு 5 டாலர் குறைந்தால் வேறு நாட்டுக்குத் திரும்புவார். டெல்டாவில் நெல் விலைக்குத் தரை உண்டு. அந்தத் தரை உலக விலைக்கு மேலே இருக்கிறது. விவசாயிக்கு அது நல்லது. மொத்தப் புழுங்கல் ஏற்றுமதிக்கு அது வழியடைப்பு. ஆலையை எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் கிலோவுக்குப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க முடியாது.

அதனால் பெயர் சொல்லிக் கேட்கிறவரிடம் மட்டுமே உங்களுக்கு வியாபாரம் உண்டு. பொன்னி, இட்லி அரிசி, சீரகச் சம்பா, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று நம் ஆட்கள் தேடி வாங்கும் அரிசி. 5 கிலோ, 10 கிலோ பை. மாதம் ஒன்றிரண்டு கண்டெய்னர். கிள்ளான் கேள்வி அந்த வகை. 560 டாலரில் கப்பல் செலவு டன்னுக்கு 23 டாலர் போக 537, கிலோ 48 ரூபாய் சொச்சம். அடக்கம் 43. 26 டன் கண்டெய்னருக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் நிற்கும். பழைய அரிசிதான் வேண்டும் என்று ஆறு மாதம் இருப்பு வைக்கச் சொன்னால், 10 சதவீத வட்டியில் கிலோவுக்கு 2 ரூபாய் அதிலிருந்து போகும். அப்படியானால் விலையை 585க்குக் கேளுங்கள்.

விலை சரி. அவர் சொல்லும் பணப் பட்டுவாடாதான் சரியில்லை. 10 சதவீதம் போக உங்கள் கையிலிருந்து வெளியே நிற்பது கண்டெய்னருக்கு 10 லட்சத்து 40 ஆயிரம். ஒரு கண்டெய்னருக்குப் பணம் வராவிட்டால் ஏழெட்டு கண்டெய்னரின் லாபம் போய்விடும். 60 நாள் தவணை என்றால் முதல் கண்டெய்னர் பணம் வருவதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் கடலில் இருக்கும்.

கேட்கவேண்டியது இது: 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) நகலைப் பார்த்ததும். பில் ஆஃப் லேடிங்கை வாங்குபவர் பெயருக்கு நேராகப் போடாதீர்கள். "டு ஆர்டர்", அதாவது நீங்கள் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் செல்லும்படி, வாங்குங்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு கப்பல் நிறுவனத்திடம் மூலத்தை ஒப்படைத்து, அங்கே சரக்கை விடச் சொல்லலாம். தூத்துக்குடி – கிள்ளான் கிட்டத்துக் கடல். வங்கி வழியாகக் காகிதம் போய்ச் சேருவதற்கு முன்பே சரக்கு சேர்ந்துவிடும், டெமரேஜ் (தாமத வாடகை) ஓட ஆரம்பிக்கும். இந்தத் தடத்துக்கு வங்கிக் காகிதத்தைவிட இந்த ஏற்பாடு தோது. அவர் கடன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இசிஜிசியில் அவர் பெயருக்குக் கடன் வரம்பு வாங்கிய பிறகு மட்டும் கொடுங்கள். வரம்பு தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறக்கிறேன் என்று சொன்னால் ஒரு நுணுக்கம். எல்சிக்கான சர்வதேச விதியான யூசிபி 600இல் எடைக்கு 5 சதவீதம் கூடக்குறைய அனுமதி உண்டு. ஆனால் அளவை "2,600 பை" என்று எண்ணிக்கையில் எழுதிவிட்டால் அந்த அனுமதி போய்விடும். கண்டெய்னரில் 2,590 பைதான் ஏறியது என்றால் வங்கி காகிதத்தைத் திருப்பும். டன் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், 5 சதவீதம் கூடக்குறைய என்பதையும் வாசகமாகவே போடச் சொல்லுங்கள். கப்பலேறி 21 நாளுக்குள் காகிதம் வங்கியில் இருக்கவேண்டும். எல்சியில் அரிசிப் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ, எழுத்துப் பிழை உட்பட, இன்வாய்ஸிலும் அப்படியே வரவேண்டும். அதோடு, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று யார் பெயரில் மின்னஞ்சல் வந்தாலும், இரண்டு பக்கமும் தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய்யும்வரை எதையும் நகர்த்தாதீர்கள். அரிசி வியாபாரத்தில் இது சாதாரணமாக நடக்கும் திருட்டு.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். மலேசியாவில் அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. தனி வியாபாரி கொண்டுவருவதும் அதன் ஏற்பாட்டில்தான். உங்கள் ஆளிடம் அந்த அனுமதிக் காகிதம் இருக்கிறதா, யார் பெயரில், எத்தனை டன்னுக்கு என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் அரிசியை ஏற்றாதீர்கள். பையின் மேல் "பொன்னி" என்று அச்சடிக்கும் முன்பும் அவரைக் கேளுங்கள். அந்தச் சொல்லின் வணிகக்குறி உரிமைக்காக மலேசிய நீதிமன்றம் வரை நம் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபீடா போயிருக்கிறது. பெயரோ நம் ஆற்றின் பெயர், நெல்லின் வம்சமோ மலேசியாவின் மாஷூரி ரகம். அச்சு வேலை நடந்த பிறகு லேபிளை மாற்றச் சொன்னால் ஆயிரக்கணக்கான பை வீண்.

ஒப்பந்தத்தில் வெறும் பொன்னி என்று எழுதாமல் ரகத்தையும் எழுதுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி வேறு, பொன்னி என்ற பெயரில் பல மூட்டைகளில் போகும் பிபிடி 5204 வேறு. சமைத்த சோறு இரண்டிலும் ஒன்றாக இருக்காது. முதல் கண்டெய்னரில் ஒன்றையும் இரண்டாவதில் மற்றதையும் அனுப்பினால் வாங்குபவர் தரக்குறைவு என்று பணம் பிடிப்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

குறுவை கேள்விக்கு இங்கேயே பதில் வந்துவிடுகிறது. ஆடுதுறை 36, ஏஎஸ்டி 16, டிபிஎஸ் 5 போன்ற குறுவை ரகங்கள் பொன்னிப் பையில் ஒட்டாத அரிசி. அதைவிடப் பெரிய சங்கடம் அறுவடை நேரம். செப்டம்பர், அக்டோபர் மழையில் நெல் 20 சதவீத ஈரத்துக்கு மேல் வரும். களத்தில் இரண்டு நாள் தார்ப்பாய்க்குள் வெந்தால் அரிசி பழுக்கும், முளை எட்டிப் பார்க்கும். சார்டெக்ஸ் தள்ளித் தள்ளி 60 கிலோ 54 ஆகும். 60 இருந்தால் ஆலை வாசலில் 40 ரூபாய் அடக்கம், 54 ஆனால் 44 ரூபாய். லாபத்தில் பெரும்பங்கு அந்த ஆறு கிலோவில்தான் இருக்கிறது. குறுவையை உள்ளூருக்கும் கொள்முதலுக்கும் விட்டுவிடுங்கள். ஏற்றுமதிக்குச் சம்பா, தாளடியில் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயிலில் அறுத்த நெல்லை ரகம் பிரித்து வாங்கி அடுக்குங்கள். சிஆர் 1009 ரகம் தனியாகக் கிடைத்தால் அதை இட்லி அரிசியாக இரண்டாவது சரக்காக வையுங்கள்.

ஆலைக்குள் கவனிக்கவேண்டியது மூன்று இடம். முதலாவது ஊறல். பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். நெல் புளித்து ஒரு வாடை ஏறும், அரைத்த பிறகும் அது போகாது. இங்கே நம் மூக்குக்குப் பழகிவிட்டது. அங்கே பையைப் பிரித்ததும் முதல் புகாரே அதுதான். 65 முதல் 70 டிகிரி சுடுநீரில் மூன்றரை நான்கு மணி நேரம் ஊறல் போதும். அவித்த பின் அரிசியின் நடுவில் வெள்ளை தெரிந்தால் ஊறலோ ஆவியோ போதவில்லை. அந்த அரிசி அரவையில் உடையும்.

இரண்டாவது உலர்த்தல். ஆவி முடிந்த நெல்லில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். ட்ரையரில் ஒரே மூச்சாக 13க்கு இறக்கினால் வெளிப்புறம் காய்ந்து உள்புறம் ஈரமாக நின்று, நெல்லுக்குள்ளேயே கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. அரைக்கும்போது நொய்யாகக் கொட்டும், ரோலரைக் குறை சொல்வோம். 16, 18க்கு வந்ததும் நிறுத்தி, ஐந்தாறு மணி நேரம் குவியலில் ஆறவிட்டு, பிறகு இரண்டாம் முறை ஓட்டுங்கள்.

மூன்றாவது, பையில் போகும்போது இருக்கும் ஈரம். ஒப்பந்தத்தில் 14 சதவீதம் உச்சம் என்று இருக்கும். 13லேயே அனுப்புங்கள். 26 டன்னில் இதனால் ஏறக்குறைய 300 கிலோ எடை குறையும். அதை நஷ்டம் என்று ஆலையில் எல்லோரும் முணுமுணுப்பார்கள், ஆனால் அந்த 300 கிலோதான் மீதி அரிசியைக் காப்பாற்றுகிற செலவு. பகலில் கண்டெய்னர் கொதித்து இரவில் குளிரும்போது, அரிசியிலிருந்து கிளம்பிய ஆவி மேல்தகட்டில் வேர்த்து, மேல் வரிசைப் பை மீது சொட்டும். 14.5 சதவீத அரிசி என்றால் கதவைத் திறக்கும்போது பூஞ்சை வாடை வரும். ஈரம் பார்க்கிற கருவி நெல்லுக்கான அமைப்பில் நின்றால் அரிசிக்குத் தவறாகக் காட்டும். சூடான அரிசிக்கும் தவறாகவே காட்டும். ஆறிய பின் பாருங்கள், ஆறிய பின்னே பையில் போடுங்கள். பளபளப்பான அச்சுப் பைக்குள் சூடு அடைபட்டால் வெளியே வழி கிடையாது.

கண்டெய்னர் வந்ததும் ஓர் ஆள் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். முன்பு என்ன ஏற்றினார்கள் என்பதை மூக்கே சொல்லும். தரையிலும் சுவரிலும் கிராஃப்ட் காகிதம், பக்கவாட்டில் ஈரம் உறிஞ்சும் பைகள், மேல்தகட்டுக்கும் பைக்கும் நடுவே இடைவெளி. மழை நாளில் ஏற்றாதீர்கள். புகையூட்டலை ஆலைக் கிடங்கிலேயே தார்ப்பாய் மூடி, உரிமம் பெற்ற நிறுவனத்தை வைத்து, பாஸ்பீன் வாயு ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும்படி செய்யுங்கள். அவசரத்தில் மூன்றாம் நாள் பிரித்தால் வளர்ந்த வண்டு சாகும், முட்டை பிழைக்கும். கிள்ளானில் அது வண்டாகும். அந்த வாயு ஆளையும் கொல்லும் என்பதால் அதைக் கிளப்பும் மாத்திரையை உங்கள் ஆட்கள் தொடவே கூடாது.

ஏற்றும்போது சுயேச்சை ஆய்வு நிறுவனம் மாதிரி எடுக்கட்டும். இரண்டு கிலோ வீதம் மூன்று, முத்திரை வைத்து: உங்களுக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, ஆய்வாளரிடம் ஒன்று. ஒப்பந்தத்தில் "ஏற்றுமிடத்தில் எடுத்த சான்றே இறுதி" என்று எழுதியிருக்கவேண்டும். நொய் என்றால் முழு அரிசியில் எத்தனை பங்குக்குக் கீழே என்பதும் எழுதியிருக்கவேண்டும். முக்கால் பங்கு என்று வைக்கிற வழக்கமும் உண்டு, வேறு அளவு வைக்கிறவர்களும் உண்டு. தகராறு அங்கேதான் பிறக்கும்.

இனி தடை. என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் எதற்குத் தயாராக வேண்டும் என்பது புரியும். 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதிக்குத் தடை, பச்சரிசிக்கு 20 சதவீத வரி. 2023 ஜூலை 20ல் பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு முழுத் தடை. புழுங்கலுக்குத் தடை வரவில்லை. ஆகஸ்ட் 25ல் 20 சதவீத வரி வந்தது. 2024 செப்டம்பரில் அது 10 ஆகி, அக்டோபரில் நீங்கியது. நொய்த் தடை 2025 மார்ச்சில்தான் போனது. உங்கள் சரக்குக்கு அடிக்கக்கூடியது பெரும்பாலும் திடீர் வரி. முன்னறிவிப்பு இல்லாமல், அன்றே அமலுக்கு வரும். கண்டெய்னருக்கு 1.38 லட்சம் லாபம் உள்ள இடத்தில் எஃப்ஓபி மதிப்பின் மேல் 20 சதவீதம் என்றால் இரண்டரை லட்சம்.

2023 உத்தரவில் தப்பியவர்கள் யார் தெரியுமா? ஆகஸ்ட் 25க்கு முன்பே செல்லுபடியாகும் எல்சி இருந்து, சரக்கு அன்று சுங்க எல்லைக்குள் நின்று, ஏற்ற அனுமதிக்குக் காத்திருந்தவர்கள். கிடங்கில் கட்டி வைத்திருந்தவர்களுக்கு விலக்கு இல்லை. அதனால் வருஷ ஒப்பந்தம் போடாதீர்கள். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனி ஒப்பந்தம், கையெழுத்தான 30 நாளுக்குள் ஏற்றுதல். "ஒப்பந்த நாளுக்குப் பின் இந்தியாவில் விதிக்கப்படும் ஏற்றுமதி வரி வாங்குபவரைச் சேரும், தடை வந்தால் இரு பக்கமும் நஷ்டஈடு இன்றி ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்பும்" என்று இரண்டு வரி. நெல்லும் ஒப்பந்தத்துக்கு ஏற்ற அளவே ஏற்றுமதிக்கென ஒதுக்குங்கள். அச்சிட்ட பைதான் சிக்கும். முதல் முறை மூன்று கண்டெய்னர் பைக்கு மேல் அடிக்காதீர்கள்.

காகிதங்களில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டி தரும் ஐஇசி (ஏற்றுமதியாளர்) எண், அபீடா பதிவு, ஏற்றுமதிக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) மத்திய உரிமம், ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப அந்த நிதியாண்டுக்கான எல்யூடி என்ற உறுதிமொழி, வங்கியின் ஏடி கோடை (அந்நியச் செலாவணிக் கிளையின் எண்) துறைமுகச் சுங்கத்தில் பதிதல் ஆகியவை தெரிந்தவைதான். நல்ல சுங்க முகவர் வழிகாட்டுவார். பலர் தவறவிடுவது புதியது: 2025 செப்டம்பர் 24 முதல் பாசுமதி அல்லாத அரிசிக்கு ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அபீடாவில் பதிந்த பிறகே ஏற்றமுடியும். டன்னுக்கு 8 ரூபாய் கட்டணம், உங்கள் கண்டெய்னருக்கு 208 ரூபாய். தொகை சின்னது, மறந்தால் கண்டெய்னர் துறைமுகத்தில் வாடகைக்கு நிற்கும். பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் பயிர்நலச் சான்றுக்கு ஏற்றுவதற்குச் சில நாள் முன்பே விண்ணப்பியுங்கள். கப்பல் போன பிறகு கேட்டால் கிடைக்காது.

சிங்கப்பூர், இலங்கை பற்றியும் அடுத்து யோசிப்பீர்கள். சிங்கப்பூரில் இறக்குமதியாளர் அரசு சொல்லும் கிடங்கில் இருப்பு வைக்கவேண்டிய திட்டம் உண்டு. அந்த உரிமம் உள்ளவரிடம் மட்டும் பேசுங்கள். இலங்கை கிட்டத்தில் இருந்தாலும் அது நிரந்தரச் சந்தை இல்லை. தட்டுப்பாடு வந்தால் திறப்பார்கள், 2024 டிசம்பரில் தனியாருக்குத் திறந்தது சில வாரங்கள்தான். ஐரோப்பாவுக்குக் கருப்புக் கவுனி அனுப்பும் ஆசை இருந்தால் ஆலையை விட்டு வயலுக்குப் போகவேண்டும். குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோலின் எச்ச அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01க்கு இறக்கியது. மார்கழிப் பனியில் ஒரு வயலில் அடித்த மருந்து, அம்பாரத்தில் கலந்த நெல் முழுவதையும் கெடுக்கப் போதும். உறுப்பினர் வாரியாக மருந்துக் குறிப்பும் தனி அம்பாரமும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காரைக்காலைப் பொறுத்தவரை, அது நிலக்கரி, உரம் போன்ற மொத்தச் சரக்கைக் கையாளும் துறைமுகம். மாதம் 26 டன்னுக்கு உங்களுக்கு வேண்டியது கண்டெய்னர் கப்பல். அது தூத்துக்குடியிலோ சென்னையிலோதான். கிள்ளானுக்குத் தூத்துக்குடி தோது. முதல் இரண்டு முறை காலிக் கண்டெய்னரை மன்னார்குடிக்கு வரவழைக்காமல், அரிசியை லாரியில் அனுப்பித் துறைமுகக் கண்டெய்னர் நிலையத்தில் ஏற்றுங்கள். உங்கள் ஆள் ஒருவர் அங்கே நின்று பையை எண்ணட்டும், ஏற்றி முடித்ததும் கதவை மூடும் முன் படம் எடுக்கட்டும், சீல் எண்ணை அவரே குறிக்கட்டும்.